பிரவுசரில் பைத்தான் ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

பெங்களூரு அல்சூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் பைத்தான் சொல்லித் தருகிறேன். வருகிற பிள்ளைகள் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பாடத்தில் ஆங்கிலம் என்று மூன்றிலும் புழங்குகிறவர்கள். பாதிப் பேரிடம் லேப்டாப் கிடையாது, வீட்டுக்கு ஒரு போன்தான். காலேஜ் லேபில் எதை இன்ஸ்டால் செய்யப் போனாலும் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். அதனால்தான் பிரவுசருக்குள்ளேயே ஓடுகிற பைத்தானை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு லிங்க் அனுப்பினால் போதும், அந்தப் பிள்ளை எழுதிய நிரல் அவள் அம்மாவின் போனில் ஓடும். ஆனால் ஓடாமல் நின்றுவிட்டால் எங்கே பார்ப்பது என்று பலருக்குத் தெரிவதில்லை. என்னிடம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரவுசருக்குப் பைத்தான் தெரியாது. 1995இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட்தான் அதன் சொந்த மொழி. வேறு மொழிகளைக் கொண்டுவரும் முயற்சி அப்போதிருந்தே நடக்கிறது. ஸ்கிரிப்ட் டேக்கில் 'டைப்' என்ற ஒன்று இருப்பதே எந்த மொழி என்று சொல்வதற்குத்தான். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் 1996இலேயே விபிஸ்கிரிப்ட் ஓடியது. கூகுள் 2011இல் டார்ட் மொழியை அறிவித்தது. அதை குரோமுக்குள்ளேயே வைக்கும் திட்டத்தை 2015இல் கைவிட்டது. இப்படி ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்தின் பிரவுசரையோ பிளக்இன்னையோ நம்பி நின்றதால் நிலைக்கவில்லை. 2017 முடிவதற்குள் முக்கியமான நான்கு பிரவுசர்களும் வெப்அசெம்ப்ளியை (சுருக்கமாக வாஸம்; வேறு மொழிகளில் எழுதியதைத் தொகுத்துப் பிரவுசரில் ஓட்டும் வடிவம்) ஏற்றுக்கொண்ட பிறகுதான் கதை மாறியது. 2019 டிசம்பரில் அது, வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் தரமாகவும் ஆனது.

இன்று பைத்தானுக்கு இரண்டு வழி உண்டு. ப்ரைத்தான் உங்கள் பைத்தான் நிரலை அந்த இடத்திலேயே ஜாவாஸ்கிரிப்டாக மாற்றி ஓட்டும். பையோடைட், 2018இல் மொசில்லாவில் தொடங்கியது, சிபைத்தான் இன்டர்ப்ரெட்டர் முழுவதையும், அதாவது நாம் வழக்கமாக இன்ஸ்டால் செய்கிற, நிரலைப் படித்து ஓட்டும் பைத்தானையே, வெப்அசெம்ப்ளியாக்கிப் பிரவுசருக்குள் கொண்டுவரும். 2022இல் அறிமுகமான பைஸ்கிரிப்ட் அதன் மேல் கட்டப்பட்டது. பின்னர் சிறிய மைக்ரோபைத்தானையும் சேர்த்துக்கொண்டது. எங்கள் வகுப்பில் பைஸ்கிரிப்ட்தான். ஆகவே கீழே பெரும்பாலும் அதை வைத்தே சொல்கிறேன்.

இதில் கோளாறு நாலு இடத்தில் வரும்: பைத்தானை அழைத்து வருகிற ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு, இன்டர்ப்ரெட்டர், பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் பொருளைக் கைமாற்றிக்கொள்ளும் எல்லை, கடைசியாக உங்கள் நிரல். எல்லோரும் நாலாவதிலிருந்து தேட ஆரம்பிக்கிறார்கள். முதலாவதிலிருந்து ஆரம்பித்தால் பாதி நேரம் மிச்சம்.

எடுத்துக்காட்டுக்கு எங்கள் வகுப்பின் பூக்கடைப் பக்கத்தையே வைத்துக்கொள்வோம். கேஆர் மார்க்கெட்டில் மல்லியும் கனகாம்பரமும் முழக்கணக்கில் விற்பவருக்கான சின்ன பில். விலைக்கு ஒரு கட்டம், எத்தனை முழம் என்பதற்குச் சில பட்டன்கள், கீழே மொத்தத் தொகை.

எதற்கும் முன்னால் எஃப்12 அழுத்திக் கன்சோலைத் திறந்து வையுங்கள். போனில் மட்டும் வருகிற கோளாறு என்றால் போனை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கம் வழியாக அந்தப் போனின் கன்சோலைப் பார்க்கலாம். 'ஓடல அண்ணா' என்று மட்டும் சொல்லும் பிள்ளையிடம் நான் முதலில் கேட்பது கன்சோலின் ஸ்கிரீன்ஷாட்தான்.

பக்கம் வெறுமையாக நிற்கிறது, கன்சோலிலும் சிவப்பாக ஒன்றுமில்லை

புதிதாக வருபவர்களை அதிகம் குழப்புவது இது. ஏதாவது பிழை வந்தாலாவது பிடித்துக்கொண்டு போகலாம். ஒன்றுமே வராததற்குக் காரணம் உண்டு. ஸ்கிரிப்ட் டேக்கில் தனக்குத் தெரியாத டைப்பைப் பார்த்தால் பிரவுசர் அதை ஓட்ட முயல்வதே இல்லை. உள்ளே இருப்பதை வெறும் தரவு என்று எடுத்துக்கொண்டு பேசாமல் கடந்துவிடும். விதியே அப்படித்தான். பைஸ்கிரிப்டின் கோர் கோப்பு பக்கத்துக்குள் வந்து, 'பி, ஒய்' என்று டைப் போட்ட டேக்குகளைத் தேடி எடுத்து ஓட்டினால்தான் உண்டு. அந்தக் கோப்பு வரவில்லை என்றால் உங்கள் நிரலைக் கேட்க ஆளே இல்லை.

ஆகவே நிரலைத் தொடாதீர்கள். நெட்வொர்க் டேபைத் திறந்து பக்கத்தை ரீலோட் செய்து, கோர் கோப்பு 200 என்று வந்திருக்கிறதா, 404 என்று வந்திருக்கிறதா பாருங்கள். 404 என்றால் யூஆர்எல்லில் வெர்ஷன் எண் தவறு, அப்போது கன்சோலிலும் ஒரு சிவப்பு வரி இருக்கும். பட்டியலிலேயே இல்லை என்றால் ஹெட் பகுதியில் அந்த வரியே விடுபட்டிருக்கிறது. 200 என்றால் உங்கள் ஸ்கிரிப்ட் டேக்கின் டைப்பைப் பாருங்கள். 'பைத்தான்' என்று முழுதாக எழுதியிருப்பார்கள், 'டெக்ஸ்ட்/பைத்தான்' என்று எழுதியிருப்பார்கள். பின்னது ப்ரைத்தானுக்குச் சரி, பைஸ்கிரிப்டுக்குச் செல்லாது. கோர் கோப்பை அழைக்கும் டேக்குக்கு டைப் 'மாட்யூல்' என்று இருக்க வேண்டும். அது விடுபட்டாலும் கன்சோலில் இம்போர்ட் பற்றி ஒரு பிழை வரும்.

டபுள் கிளிக் செய்து திறந்தால் கோர்ஸ் பிழை வருகிறது

ஒரு தளத்தின் பக்கம் இன்னொரு இடத்துக் கோப்பைப் படிக்கலாமா என்று பிரவுசர் பார்க்கும் விதிதான் கோர்ஸ். அட்ரஸ் பாரைப் பாருங்கள். 'ஃபைல்' என்று ஆரம்பித்தால் அதுதான் காரணம். வட்டில் இருக்கும் கோப்பை நேரடியாகத் திறந்தால், பக்கத்துக்கு ஊர் பேர் இல்லாத நிலை. பக்கத்தில் இருக்கும் பைத்தான் கோப்பைக்கூட அது படிக்கப் பிரவுசர் விடாது. கோப்பு இருக்கும் ஃபோல்டரில் டெர்மினலைத் திறந்து, பைத்தானோடு வருகிற எச்டிடிபி சர்வர் மாட்யூலை 8000ஆவது போர்ட்டில் ஓட்டுங்கள். பிறகு லோக்கல்ஹோஸ்ட் 8000 என்று திறந்தால் சரியாகிவிடும். லேபில் பைத்தானே இல்லை என்றால் விஎஸ் கோடின் லைவ் சர்வர் போதும்.

அப்புறம், சொந்தக் கணினியில் ஓடி, ஹோஸ்டிங்கில் ஏற்றியதும் 404 வந்தால் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்கள். விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வர் விடாது.

லோடிங் சுற்றிக்கொண்டே இருக்கிறது

பொறுமையாக ஒரு நிமிடம் பாருங்கள், முதல் தடவை என்றால். பையோடைட் என்பது ஒரு முழு இன்டர்ப்ரெட்டர். பல மெகாபைட் இறங்க வேண்டும். நம்பை, பாண்டாஸ் போன்ற கணக்கு நூலகங்களும் கேட்டால் இன்னும் கூடும். பர்ப்பிள் லைன் மெட்ரோவில் கப்பன் பார்க் பக்கம் சுரங்கத்துக்குள் போகும்போது திறந்துவிட்டு நிற்கிறது என்று சொன்னால் நான் என்ன செய்ய முடியும்? இரண்டாம் தடவை கேஷிலிருந்து வரும்.

பூக்கடை பில் மாதிரி சின்னப் பக்கத்துக்குப் பையோடைட் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. டைப்பில் 'பி, ஒய்' என்பதற்கு முன்னால் ஒரு 'எம்' சேர்த்தால் மைக்ரோபைத்தான் வரும். சில நூறு கிலோபைட்தான், பழைய போனிலும் சட்டென்று எழுந்து நிற்கும். நம்பை, பாண்டாஸ் அதில் கிடையாது, தரநூலகமும் முழுதாக இருக்காது. கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் அவை எதற்கு?

காத்திருந்தும் வரவில்லை என்றால் கன்சோலில் இரண்டு விஷயம் தேடுங்கள். ஒன்று, 'மைம் டைப்' என்ற சொல். கோப்புகளை உங்கள் சொந்த சர்வரில் வைத்திருக்கிறீர்கள், அது வாஸம் கோப்பைச் சரியான பெயர் சொல்லி அனுப்பவில்லை என்று பொருள். அப்பாச்சி, எஞ்சின்எக்ஸ் எதுவானாலும் அந்தக் கோப்பு வகைக்கு 'அப்ளிகேஷன்/வாஸம்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, 'கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி'. ஆபீஸ் இன்ட்ராநெட்டில் வைக்கப் பார்ப்பவர்களுக்கு வருவது இது. அந்தத் தளத்தின் விதி வெப்அசெம்ப்ளியைத் தொகுக்க விடவில்லை. ஸ்கிரிப்ட் விதியில் 'வாஸம்-அன்சேஃப்-ஈவல்' என்பதைச் சேர்க்கச் சொல்லுங்கள். பொதுவான 'அன்சேஃப்-ஈவல்' கேட்காதீர்கள், அது தேவைக்கு மேல் கதவைத் திறந்துவிடும். ப்ரைத்தானுக்கு மட்டும் அந்தப் பொதுவானதே வேண்டியிருக்கும், ஏனென்றால் அது ஜாவாஸ்கிரிப்டை அந்த நேரத்தில் உருவாக்கி ஓட்டுகிறது. கட்டுப்பாடான இடங்களுக்கு நான் பையோடைட்டைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆபீஸ் வைஃபையில் மட்டும் நின்று, போன் ஹாட்ஸ்பாட்டில் ஓடினால் கோப்புகள் இறங்கும் பொது சர்வரை (சிடிஎன்) அங்கே தடுத்திருக்கிறார்கள். கோப்புகளை இறக்கி உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

யூட்யூப் பாடத்தைப் பார்த்து அப்படியே எழுதினேன், ஓடவில்லை

பாடத்தின் தேதியைப் பாருங்கள். 2022இல் வந்த பாடம் என்றால் அதில் பாதி இன்று செல்லாது. அப்போது கோர் கோப்பின் பெயரே வேறு. 'பைஎன்வ்' டேக் இருந்தது, அது 'பைகான்ஃபிக்' ஆனது. 'எலிமென்ட்' என்று ஐடி கொடுத்து எழுதும் முறை இருந்தது, அதுவும் போய்விட்டது. இப்போது பைஸ்கிரிப்டிலிருந்து டாக்குமென்ட்டை இம்போர்ட் செய்து, ஜாவாஸ்கிரிப்டில் எழுதுவது போலவே குவெரி செலக்டரால் பிடிக்க வேண்டும்.

இதே காரணத்தால்தான் யூஆர்எல்லில் 'லேட்டஸ்ட்' என்று போடக் கூடாது. இன்று ஓடும் பக்கம் அடுத்த வெளியீட்டில் தானாக உடையும். ஆண்டும் மாதமும் சேர்ந்த வெர்ஷன் எண்ணைக் குறிப்பாக எழுதி வையுங்கள்.

இண்டென்டேஷன் பிழை, ஆனால் இடைவெளி சரியாகத்தான் இருக்கிறது

மூன்று சந்தேகம். டேபும் ஸ்பேஸும் கலந்திருக்கலாம். எடிட்டரில் வெற்றிடங்களைக் காட்டச் சொன்னால் தெரிந்துவிடும். எச்டிஎம்எல்லை ஒழுங்குபடுத்தும் எக்ஸ்டென்ஷன் ஏதாவது சேவ் செய்யும்போது பைத்தான் வரிகளையும் சேர்த்து இழுத்து மடக்கியிருக்கலாம். அல்லது ஸ்கிரிப்ட் டேக்குக்குப் பதில் 'பை-ஸ்கிரிப்ட்' என்ற தனி டேக்கைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அதற்குள் இருப்பதைப் பிரவுசர் முதலில் எச்டிஎம்எல்லாகப் படிக்கும். 'a<b' என்று இடைவெளி இல்லாமல் எழுதினால் அந்தக் கோணக்குறியைப் புது டேக்கின் ஆரம்பம் என்று எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் டேக்குக்குள் இந்தத் தொல்லை இல்லை.

கடைசி இரண்டுக்கும் சேர்த்து ஒரே வைத்தியம், பைத்தானைத் தனிக் கோப்பில் எழுதி எஸ்ஆர்சி கொடுத்து அழைப்பது. எங்கள் வகுப்பில் இரண்டாம் வாரத்திலிருந்து யாரும் எச்டிஎம்எல்லுக்குள் பைத்தான் எழுதக் கூடாது. இன்னொரு நன்மையும் உண்டு: உள்ளே எழுதினால் பிழையில் காட்டும் வரி எண் ஸ்கிரிப்ட் டேக்கிலிருந்து எண்ணப்படும், எச்டிஎம்எல் கோப்பின் வரியோடு பொருந்தாது. தனிக் கோப்பில் அந்தக் குழப்பம் இல்லை.

பிரிண்ட் போட்டேன், பக்கத்தில் வரவில்லை

கன்சோலில் வந்திருக்கும். பக்கத்தில் காட்ட 'டிஸ்ப்ளே' என்பதை இம்போர்ட் செய்து, எந்த இடத்தில் என்று டார்கெட் கொடுங்கள். 'இன்புட்' வேலை செய்யவில்லை என்பதும் இந்த வகைதான். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நிற்பது பிரவுசரின் முக்கிய இழையில் (த்ரெட்) நடக்காது. டெர்மினல் மாதிரி பழகத்தான் வேண்டும் என்றால் ஸ்கிரிப்ட் டேக்கில் 'டெர்மினல்', 'வொர்க்கர்' இரண்டையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கட்டம் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் வெப்பின் வழக்கம்.

பட்டனை அழுத்தினால் 'ப்ராக்ஸி அழிக்கப்பட்டது' என்று வருகிறது

எல்லையில் நடக்கும் கோளாறு இது. கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் இது புரிந்தால் மற்ற எல்லைக் கோளாறுகளும் புரியும்.

'மொத்தம்' என்று ஒரு பைத்தான் ஃபங்ஷன் எழுதி, அதை ஆட் ஈவன்ட் லிசனருக்குக் கொடுக்கிறீர்கள். அந்த லிசனர் ஜாவாஸ்கிரிப்டுடையது. அதனிடம் பைத்தான் ஃபங்ஷனை அப்படியே தர முடியாது. பையோடைட் அதற்கு ஒரு ப்ராக்ஸி, அதாவது ஒரு பதிலாள், செய்து நீட்டுகிறது. இந்த அழைப்பு முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து அந்த ப்ராக்ஸியை நீக்கிவிடுகிறது. இல்லாவிட்டால் நினைவகம் கசிந்துகொண்டே போகும், அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் லிசனர் அந்த ப்ராக்ஸியை வைத்துக்கொண்டு, பிறகு எப்போதோ யாரோ பட்டனை அழுத்தும்போது கூப்பிடுகிறது. அப்போது அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. அதனால்தான் பக்கம் திறக்கும்போது பிழை வராமல், அழுத்தும்போது வருகிறது.

தீர்வு, 'கிரியேட் ப்ராக்ஸி' கொண்டு ஃபங்ஷனை நீங்களே சுற்றிக் கொடுப்பது. அதைவிட எளிது பைஸ்கிரிப்டின் 'வென்' டெக்கரேட்டர்: ஃபங்ஷனுக்கு மேலே வென் எழுதி, கிளிக் என்றும் பட்டனின் ஐடி என்றும் கொடுத்தால் ப்ராக்ஸி விவகாரத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பிழையே இல்லாமல் பட்டன் சும்மா இருந்தால், இன்டர்ப்ரெட்டர் வந்து சேரும் முன்பே அழுத்தியிருக்கிறீர்கள். பட்டனை எச்டிஎம்எல்லில் டிசேபிள்டாக வைத்து, பைத்தான் நிரலின் கடைசி வரியில் திறந்துவிடுங்கள். கடைக்காரர் அவசரத்தில் நாலு தடவை தட்டுவதை இது தடுக்கும்.

மொத்தம் 404040 என்று வருகிறது

விலைக் கட்டத்தில் 40 போட்டு, மூன்று முழம் பட்டனை அழுத்தினால் 120 வர வேண்டும். 404040 வருகிறது. கட்டத்திலிருந்து வரும் மதிப்பு எப்போதும் ஸ்ட்ரிங்தான், அதன் டைப் 'நம்பர்' என்று இருந்தாலும். ஜாவாஸ்கிரிப்ட் பெருக்கல் குறியைப் பார்த்து ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றிக்கொள்ளும். பைத்தானில் ஸ்ட்ரிங்கை மூன்றால் பெருக்கினால் மூன்று தடவை ஒட்டி எழுதும். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் திகைக்கிறார்கள். கட்டத்திலிருந்து எடுத்த உடனே இன்ட் அல்லது ஃப்ளோட் ஆக்குங்கள். காலிக் கட்டத்தை இன்ட் ஆக்கப் போனால் வேல்யூ எரர் வரும், அதையும் பிடித்து 'விலை போடுங்கள்' என்று காட்டுங்கள்.

பக்கம் உறைந்துபோகிறது

நிரலில் டைம் ஸ்லீப் இருக்கிறதா? உங்கள் கணினியில் ஓடும் பைத்தான் தூங்கினால் அது மட்டும் தூங்கும். பிரவுசரில் பைத்தான் ஓடும் அதே இழையில்தான் பக்கத்தை வரைவதும், ஸ்க்ரோல் செய்வதும், பட்டன் அழுத்தத்தைக் கவனிப்பதும் நடக்கின்றன. அது தூங்கினால் எல்லாம் நிற்கும். ப்ரைத்தான் இதில் கண்டிப்பானது, டைம் ஸ்லீப்பைப் பார்த்ததுமே முடியாது என்று பிழை கொடுத்து, டைமர் மாட்யூலைக் கைகாட்டும். பையோடைட் ஓட்டிப் பார்த்து உறைய வைக்கும்.

ஃபங்ஷனை 'அசிங்க் டெஃப்' ஆக்கி, அசிங்க்ஐஓவின் ஸ்லீப்பை 'அவெய்ட்' போட்டு அழையுங்கள். பழக்க தோஷத்தில் அசிங்க்ஐஓ ரன் எழுத வேண்டாம்; பிரவுசரில் ஈவன்ட் லூப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, நேரடியாக அவெய்ட் போடலாம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: 'கணக்கு நடக்கிறது' என்று பக்கத்தில் எழுதிவிட்டுப் பெரிய லூப்பை ஆரம்பிக்கிறீர்கள். அந்த வரி கண்ணில் படவே இல்லை, கடைசியில் விடை மட்டும் வருகிறது. எழுதியது உண்மை, ஆனால் உங்கள் ஃபங்ஷன் இழையை விடும் வரை பிரவுசருக்கு வரைய நேரமில்லை. எழுதியவுடன் ஒரு சின்ன அவெய்ட் ஸ்லீப், 0.05 வினாடி போதும், கொடுத்துவிட்டு லூப்பைத் தொடங்குங்கள்.

உண்மையிலேயே நெடுநேரம் ஓடும் கணக்கு என்றால் வொர்க்கருக்கு அனுப்புங்கள். ஸ்கிரிப்ட் டேக்கில் 'வொர்க்கர்' சேர்த்தால் பைத்தான் தனி இழைக்குப் போய்விடும். உடனே அடுத்த பிழை வரும்: ஷேர்டு அர்ரே பஃபர் (இழைகள் பகிர்ந்துகொள்ளும் நினைவகம்) இல்லை என்று. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற ப்ராசசர் ஓட்டை வெளியானபோது பிரவுசர்கள் அதை முடக்கின. பின்னர் திருப்பித் தந்தபோது ஒரு நிபந்தனை வைத்தன: பக்கம் மற்ற தளங்களிலிருந்து தன்னைப் பிரித்துக்கொள்வதாக சர்வர் இரண்டு ஹெட்டர் அனுப்ப வேண்டும். கிராஸ் ஆரிஜின் ஓப்பனர் பாலிசிக்கு 'சேம்-ஆரிஜின்', கிராஸ் ஆரிஜின் எம்பெடர் பாலிசிக்கு 'ரிக்வயர்-கார்ப்'. கிட்ஹப் பேஜஸ் போன்ற இடத்தில் ஹெட்டர் நம் கையில் இல்லை. அங்கே மினி-கோய் என்ற சின்ன ஸ்கிரிப்டை ஹெட் பகுதியில் முதலாவதாகச் சேர்த்தால் அது சர்வீஸ் வொர்க்கர் வழியாக அதே வேலையைச் செய்துவிடும். ஹெட்டர் சேர்த்தபின் வெளித் தளத்துப் படங்கள் காணாமல் போனால் பயப்படாதீர்கள், அதே நிபந்தனையின் விளைவுதான். படங்களை உங்கள் தளத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

லேப்டாப்பில் வொர்க்கர் ஓடுகிறது, அதே வைஃபையில் போனில் ஓடவில்லை

போனில் 192.168 என்று தொடங்கும் முகவரியில் திறந்திருப்பீர்கள். லோக்கல்ஹோஸ்டைப் பிரவுசர் பாதுகாப்பான இடமாக ஏற்கும், இதை ஏற்காது. மேலே சொன்ன ஹெட்டர்களும் சர்வீஸ் வொர்க்கரும் எச்டிடிபிஎஸ்ஸில்தான் செல்லும். போனில் சோதிக்க கிட்ஹப் பேஜஸ் மாதிரி எங்காவது ஏற்றிவிட்டுப் பாருங்கள்.

மாட்யூல் நாட் ஃபவுண்ட்

உங்கள் கணினியில் பிப் போட்டது பிரவுசருக்குத் தெரியாது. பைஸ்கிரிப்டின் அமைப்புகளைச் சொல்லும் கான்ஃபிக்கில், பேக்கேஜஸ் பட்டியலில் எழுத வேண்டும். எழுதியும் வரவில்லை என்றால் பைத்தான் பேக்கேஜுகளின் பொதுக் களஞ்சியமான பைப்பைஐயில் அந்தப் பேக்கேஜின் வீல் (இன்ஸ்டாலுக்குத் தயாரான பொதி) கோப்புப் பெயரைப் பாருங்கள். 'நன்-எனி' என்று முடிந்தால் அது சுத்தமான பைத்தான், வந்துவிடும். முடியவில்லை என்றால் உள்ளே சி மொழியில் எழுதிய பகுதி இருக்கிறது. பையோடைட்டுக்கென்று யாராவது தொகுத்து வைத்திருந்தால்தான் உண்டு. நம்பை, பாண்டாஸ், வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப் ஆகியவற்றைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள்.

மைஎஸ்க்யூஎல் போன்ற தரவுத்தளத்தோடு நேரே பேசும் பேக்கேஜுகளைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பக்கத்துக்குள் ஓடும் நிரலுக்குப் பிரவுசர் சாக்கெட் தருவதில்லை. த்ரெட் தொடங்க முடியவில்லை, சப்ப்ராசஸ் இல்லை என்று வருவதும் இந்த வகை.

ஒரு சின்ன விஷயம்: ஜோன்இன்ஃபோவில் 'ஆசியா/கொல்கத்தா' கேட்டால் அப்படி ஒரு நேர மண்டலமே இல்லை என்று சொல்லும். டிஇசட்டேட்டா பேக்கேஜைப் பட்டியலில் சேர்த்தால் சரியாகும்.

வெளித் தளத்திலிருந்து தரவு வரவில்லை

டெர்மினலில் ரிக்வெஸ்ட்ஸ் வைத்து எடுத்தால் வருகிறது, பிரவுசரில் கோர்ஸ் பிழை. இதைப் பைத்தான் பக்கம் எதை மாற்றியும் தீர்க்க முடியாது. அந்தத் தளம் 'மற்ற பக்கங்களும் படிக்கலாம்' என்று ஹெட்டரில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உங்கள் சர்வர் ஒன்று நடுவில் நின்று எடுத்துத் தர வேண்டும்.

போஸ்ட் அனுப்பினேன், கெட் ஆகப் போகிறது என்பது வேறு கோளாறு, எல்லைக் கோளாறு. ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்சுக்கு மெத்தட், பாடி எல்லாம் ஒரு டிக்ஷனரியில் போட்டு 'டு ஜேஎஸ்' செய்து கொடுத்திருப்பீர்கள். பையோடைட்டின் பல வெர்ஷன்களில் அது டிக்ஷனரியை ஜாவாஸ்கிரிப்டின் 'மேப்' ஆக மாற்றும், சாதாரண ஆப்ஜெக்டாக மாற்றாது. மேப்பில் 'மெத்தட்' என்ற பண்பைத் தேடினால் கிடைக்காது, அதனால் ஃபெட்ச் பேசாமல் கெட் அனுப்பும். டிக்ட் கன்வர்ட்டர் என்ற இடத்தில் ஆப்ஜெக்டின் 'ஃப்ரம் என்ட்ரீஸ்' கொடுங்கள். அல்லது பைஸ்கிரிப்டின் சொந்த ஃபெட்சைப் பயன்படுத்துங்கள், அதில் மெத்தட்டைப் பைத்தான் முறையிலேயே கொடுக்கலாம். சார்ட் வரையும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்துக்கு அமைப்பு கொடுத்தால் வெற்றுப் படம் வருவதற்கும் பெரும்பாலும் இதே காரணம்.

எழுதிய கோப்பு ரீலோட் செய்ததும் இல்லை

ஓப்பன் செய்து எழுதியது பிரவுசரின் நினைவகத்துக்குள் இருக்கும் ஒரு போலிக் கோப்பு அமைப்பில். பக்கம் போனால் அதுவும் போகும். அன்றைய விற்பனையைச் சேமிக்க லோக்கல் ஸ்டோரேஜில் ஜேசனாகப் போடுங்கள். சர்வரில் இருக்கும் சிஎஸ்வியைப் படிக்க, கான்ஃபிக்கின் ஃபைல்ஸ் பகுதியில் சொல்லி முன்கூட்டியே உள்ளே கொண்டுவர வேண்டும்.

தமிழ் குப்பையாக வருகிறது

நமக்கென்றே உள்ள கோளாறுகள், ஆங்கில வழிகாட்டிகளில் தேடினால் கிடைக்காது.

ஸ்கிரிப்ட் டேக்குக்குள் எழுதிய தமிழ் மட்டும் சிதைந்து, தனிப் பைத்தான் கோப்பில் எழுதியது சரியாக வந்தால், பக்கத்தின் ஹெட்டில் யுடிஎஃப்-8 என்று சொல்லும் மெட்டா டேக் இல்லை. தனிக் கோப்பை ஃபெட்ச் மூலம் எழுத்தாகப் படிக்கும்போது எப்போதும் யுடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்ளப்படும். உள்ளே எழுதியது பக்கத்தின் குறியாக்கத்தைப் பொறுத்தது.

ஐடிக்குத் 'தொகை' என்று பெயர் வைத்தேன், பைத்தான் அப்படி ஒன்றும் இல்லை என்கிறது என்று ஒரு மாணவி கேட்டாள். இரண்டு கோப்பையும் அருகருகே வைத்தால் கண்ணுக்கு ஒரே எழுத்துதான். ஆனால் 'தொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். ஒரு கீபோர்டு ஒன்றைத் தரும், இன்னொன்று மற்றதைத் தரும். லென் போட்டுப் பார்த்தால் ஒன்றில் 4, மற்றதில் 5 வரும். பைத்தான் தன் மாறிப் பெயர்களை மட்டும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடும், ஸ்ட்ரிங்குகளைத் தொடாது. யூனிகோட்டேட்டாவின் நார்மலைஸை 'என்எஃப்சி' கொடுத்து ஓட்டினால் இரண்டும் ஒன்றாகும். எச்டிஎம்எல்லில் உள்ள ஐடியையும் அதே வடிவில் திருப்பி எழுத வேண்டும்.

மேட்பிளாட்லிப் படத்தில் தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாக வருவது அடுத்தது. கன்சோலில் 'கிளிஃப் 2965' இல்லை என்று எச்சரிக்கை இருக்கும். 2965 என்பது 'க'வின் யூனிகோட் எண். மேட்பிளாட்லிப்பின் இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லை. சரி, தமிழ் எழுத்துருவைக் கான்ஃபிக்கில் கொண்டுவந்து கொடுத்தால் கட்டங்கள் போகும், ஆனால் 'மொத்தம்' என்பதில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதைப் பார்ப்பீர்கள். எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் வேலையை அது நெடுங்காலம் செய்யாமலேயே இருந்தது. நீங்கள் பயன்படுத்தும் வெர்ஷன் பழையது என்றால் இதுதான் கதி.

அந்த வேலையை மிக நன்றாகச் செய்யும் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது, அது பிரவுசர். மேட்பிளாட்லிப்பின் ஆர்சி பாராம்ஸில் 'எஸ்விஜி ஃபான்ட்டைப்' என்பதை 'நன்' என்று வையுங்கள், படத்தைப் பிஎன்ஜிக்குப் பதில் எஸ்விஜியாகச் சேமித்து, அந்த எழுத்தை அப்படியே பக்கத்தின் ஒரு டிவ்வுக்குள் வையுங்கள். அப்போது எழுத்துகள் கோடுகளாக மாறாமல் எழுத்துகளாகவே வரும், பிரவுசர் தன்னிடமுள்ள தமிழ் எழுத்துருவை எடுத்து ஒழுங்காக எழுதும். எச்சரிக்கை மட்டும் கன்சோலில் தொடர்ந்து வரும், ஏனென்றால் அளவு பார்க்க அது தன் எழுத்துருவைத்தான் பார்க்கிறது. அதனால் நீளமான தலைப்புகள் கொஞ்சம் நகர்ந்து நிற்கலாம். தலைப்பை மட்டும் படத்தை விட்டு எடுத்து எச்டிஎம்எல்லில் எழுதிவிடுங்கள்.